வெயிலுக்கு முன்னே வேரூன்ற: இளவேனிலுக்குத் தோட்டத்தைத் தயார் செய்தல்

குளிர் மிகுந்த நிலங்களில் இளவேனிலுக்காகக் காத்திருப்பவர்கள் உறைபனி எப்போது விலகும் என்று பார்க்கிறார்கள். வெப்பமான நிலங்களில் இளவேனில் சில வாரங்களிலேயே முடிந்து முதுவேனில் வந்துவிடுகிறது. அதற்குள் வேர் ஆழமாக இறங்காத செடி முதல் கடும் வெயிலிலேயே துவண்டுவிடும். ஆகவே, கடும் வெயில் தொடங்கும் நாளைக் குறித்துக்கொண்டு, அங்கிருந்து பின்னோக்கி எண்ணியே வேலைகளை வகுக்க வேண்டும்.

தக்காளியை எடுத்துக்கொள்வோம். பகல் வெப்பம் 35 டிகிரி செல்சியசைத் தாண்டி, இரவிலும் 24 டிகிரிக்குக் கீழே இறங்காத நிலை வந்துவிட்டால், அதன் பூக்கள் பிஞ்சு பிடிக்காமல் உதிரத் தொடங்கும். நாற்று வளர 4 முதல் 6 வாரங்களும், நட்டபின் பூத்துக் காய்பிடிக்க ஏறக்குறைய அதே அளவு காலமும் தேவைப்படுவதால், குளிர்காலம் முடிவதற்கு முன்பே விதையைக் குழித்தட்டில் இட்டுவிட வேண்டும். வெண்டை, காராமணி, கொடிக்காய்கள் ஆகியவை வெப்பத்தை விரும்புபவை. மண் நன்றாகச் சூடேறிய பிறகு அவற்றை நேரடியாக விதைத்தால் போதும். பழைய விதையாக இருந்தால், பத்து விதைகளை ஈரக் காகிதத்தில் சுருட்டி வைத்து, எத்தனை முளைக்கின்றன என்று முதலில் பார்த்துக்கொள்வது நல்லது.

உழைப்பில் பெரும்பகுதி மண்ணுக்கே உரியது. நடவுக்கு ஒரு மாதம் முன்பு பாத்தியைக் கொத்தத் தொடங்கலாம். ஆனால் ஈரம் மிகுந்த களிமண்ணைக் கொத்தினால் அது கட்டிகளாக இறுகி, பிறகு அந்தப் பருவம் முழுவதும் சரியாகாது. ஒரு பிடி மண்ணை உள்ளங்கையில் அழுத்திப் பார்த்து, விரலால் தட்டியதும் அது உதிர்ந்தால் பதம் சரி. உருண்டையாகவே நின்றால் இரண்டு மூன்று நாள் காத்திருக்க வேண்டும். பிறகு மட்கிய உரத்தை 5 சென்டிமீட்டர் கனத்துக்குப் பரப்பி, மேல்மண்ணில் 15 முதல் 20 சென்டிமீட்டர் ஆழம் வரை கலக்க வேண்டும். ஒரு சதுர மீட்டருக்கு இது 50 லிட்டர் ஆகும். இந்த அளவு அதிகமாகத் தோன்றலாம். எனினும் வெப்பமான மண்ணில் நுண்ணுயிர்கள் விரைந்து செயல்பட்டு மட்கைச் சிதைத்துவிடுவதால், ஆண்டுதோறும் இதைச் செய்தாக வேண்டியிருக்கிறது. மட்காத சாணத்தை மட்டும் இடாதீர்கள்; அது மட்கும்போது எழும் சூடு இளவேர்களைக் கருக்குவதோடு, களை விதைகளையும் கொண்டுவந்து சேர்க்கும்.

உரம் கலந்தவுடன் நட்டுவிட வேண்டும் என்ற ஆவல் எழும். அதை அடக்கிக்கொண்டு, பாத்திக்குத் தண்ணீர் விட்டு இரண்டு வாரம் வெறுமனே விட்டால், மேல்மண்ணில் உள்ள களை விதைகள் முளைத்துவிடும். அவற்றை மண்ணை ஆழமாகக் கிளறாமல் களைக்கொத்தியால் மேலோட்டமாகச் செதுக்கி எடுத்துவிட்டால், பின்னர் களையெடுக்கும் வேலை பெருமளவு குறையும். கோரைக்கு மட்டும் இந்த வழி உதவாது. அதன் கிழங்கைத் தோண்டி எடுத்தே தீர வேண்டும். தொட்டிகளில் வெள்ளைப் படிவு தெரிந்தால் உப்பு சேர்ந்திருக்கிறது என்று பொருள். அடித்துளை வழியே தாராளமாக வடியுமாறு இரண்டு மூன்று முறை தண்ணீர் ஊற்றி அதைக் கரைத்து வெளியேற்ற வேண்டும்.

கவாத்தில், அதாவது கிளைகளை வெட்டிச் சீராக்குவதில், பலரும் தவறுவது காலத்தில்தான். ரோஜா, செம்பருத்தி போன்று புதுக்கிளையில் பூப்பவற்றைக் குளிர்காலத்தின் முடிவில் வெட்டலாம். சென்ற ஆண்டுக் கிளையில் இளவேனிலில் பூப்பவற்றைப் பூ முடிந்த பிறகே வெட்ட வேண்டும், இல்லையேல் அந்த ஆண்டின் பூக்களையே வெட்டியவர்களாவோம். ஒரே முறையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் கழிக்க வேண்டாம். இலை மறைவு திடீரென நீங்கினால் தண்டின் பட்டை வெயிலில் வெந்து வெடிக்கும்.

சொட்டுநீர்க் குழாய் இருப்பின், நுனி மூடியைத் திறந்து தேங்கிய அழுக்கை வெளியேற்றிய பின், ஒவ்வொரு துளையிலும் நீர் சொட்டுகிறதா என்று பாருங்கள். பாய்ச்சி ஒரு மணி நேரம் கழித்துக் கரண்டியால் தோண்டி, ஈரம் 15 சென்டிமீட்டராவது இறங்கியிருக்கிறதா என்று கவனிக்க வேண்டும். மேற்பரப்பை மட்டும் நாள்தோறும் நனைத்தால் வேர் மேலேயே தங்கி, பின்னால் வெயிலுக்கு இரையாகும்.

மேற்கு வெயில் நேராக விழும் பாத்திகளுக்கு நிழல்வலைக் கம்பங்களை இப்போதே நட்டுவிடுங்கள். வேர்கள் பரவிய பின் குழி தோண்டினால் செடிக்குச் சேதம். பெரும்பாலான காய்கறிகளுக்கு 30 முதல் 50 சதவீத நிழல் தரும் வலை போதுமானது. அதை வெயில் கடுமையான பிறகு கட்டிக்கொள்ளலாம்.

இதற்கிடையில் இளந்தளிர்களின் அடிப்பக்கத்தை வாரம் இருமுறை திருப்பிப் பார்க்க வேண்டும். எறும்புகள் வரிசையாக ஏறினால் அங்கே அசுவினியோ மாவுப்பூச்சியோ இருக்கக்கூடும். தொடக்கத்தில் தண்ணீரைப் பீய்ச்சியடித்தாலே பெரும்பாலும் போதும். மிஞ்சினால் லிட்டருக்கு 5 மில்லி வேப்பெண்ணெயைச் சில துளி சோப்புக் கரைசலுடன் கலந்து மாலையில் தெளிக்கலாம்.

நாற்றுகளை நிழலிலிருந்து நேராக வெயிலுக்குக் கொண்டுவராமல், முதல் நாள் காலை வெயிலில் ஒரு மணி நேரம் எனத் தொடங்கி, 7 முதல் 10 நாட்களில் முழு வெயிலுக்குப் பழக்க வேண்டும். நடவை மாலையில் செய்து, உடனே தாராளமாக நீர் ஊற்றுங்கள். நாற்று ஒரு சாண் உயரம் வந்ததும், ஈரமண்ணின் மீது காய்ந்த இலை அல்லது வைக்கோலை 5 முதல் 8 சென்டிமீட்டர் கனத்துக்கு மூடாக்காகப் பரப்பலாம். தண்டைச் சுற்றி நான்கு விரல் அகலம் இடைவெளி விட்டால் அடித்தண்டு அழுகாது.