மாற்றாக வந்த போனும் பழுதென்றால்

இன்ஷூரன்ஸில் எனக்கு வந்த மாற்று போனில், எதிரில் பேசுபவருக்கு என் குரல் கேட்கவே இல்லை. இப்படி நேர்ந்தால் முதலில் *#06# அழுத்துங்கள். திரையில் வரும் 15 இலக்க ஐஎம்இஐ எண் (அந்த போனுக்கே உரிய அடையாள எண்), கிளெய்ம் கடிதத்தில் உள்ளதோடு ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். அப்புறம் பழுதை வேறொரு போனில் வீடியோ எடுங்கள். சாதாரணமாக ஒருமுறை, ஸ்பீக்கர் போட்டு ஒருமுறை பேசிப் பாருங்கள். பல போன்களில் ஒன்றுக்கு மேல் மைக் உண்டு, எது போயிருக்கிறது என்று ஓரளவு பிடிபடும். இன்ஷூரன்ஸ் நிறுவனம் புதுக் கிளெய்ம் போடச் சொன்னால் சட்டென்று ஒத்துக்கொள்ளாதீர்கள், கிளெய்முக்காக உங்கள் கையிலிருந்து போடும் பங்குத் தொகையை மறுபடியும் கட்ட வேண்டிவரலாம். பழைய கிளெய்ம் எண்ணைச் சொல்லி, மாற்று போனுக்கான வாரண்டியில் மாற்றித்தரக் கேளுங்கள், அதுவும் எழுத்தில். வெளிக்கடையில் பிரிக்கவே கூடாது. சரி, திருப்பி அனுப்பும்முன் படங்களை நகலெடுத்து, கூகுள் அல்லது ஆப்பிள் கணக்கிலிருந்து வெளியேறி, எல்லாவற்றையும் அழித்துவிடுங்கள்.