ஜாஸ் ஆல்பங்களை வரிசையாகக் கேட்க: முதலில் டேகைச் சரிசெய்யுங்கள்

என்னிடம் இருக்கும் ஜாஸ், வாத்திய இசை ஆல்பங்களை ஒன்றுவிடாமல் முதலிலிருந்து கேட்டுவிடுவது என்று உட்கார்ந்தேன். இரண்டாம் நாளே புரிந்துவிட்டது, பாதி வேலை டேகில்தான் இருக்கிறது, அதாவது ஃபைலுக்குள்ளேயே எழுதியிருக்கும் ஆல்பம், ஆர்ட்டிஸ்ட், ஆண்டு போன்ற விவரங்களில்.

சிடிக்களை ஏற்கெனவே ஃபைல்களாக மாற்றி வைத்திருப்பீர்கள் என்று எடுத்துக்கொள்கிறேன். முழு ஃபோல்டருக்கும் ஒரு நகல் எடுத்துவிட்டுத் தொடங்குங்கள். டேக் திருத்த எம்பி3டேக், கேட்க ஃபூபார்2000, இரண்டு போதும். டேகைத் தானாக நிரப்பும் மென்பொருள்களை ஜாஸுக்கு நான் சிபாரிசு செய்யமாட்டேன். ஒரே ஆல்பத்துக்கு ஏகப்பட்ட மறுபதிப்புகள் இருக்கும். கையில் இருக்கும் சிடி உறையைப் பார்த்து நாமே நிரப்புவதுதான் நிம்மதி.

படி 1: ஆல்பம் ஆர்ட்டிஸ்ட்

நான் மாட்டிக்கொண்ட இடம் இது. மைல்ஸ் டேவிஸின் 1959 ஆல்பம் 'கைண்ட் ஆஃப் ப்ளூ'வில் மொத்தம் ஐந்து டிராக். எனக்கு நான்குதான் வந்தது. 'ஸோ வாட்' முடிந்ததும் நேராக 'ப்ளூ இன் க்ரீன்'. நடுவில் வரவேண்டிய 'ஃப்ரெடி ஃப்ரீலோடர்' தனி ஆல்பமாகப் பட்டியலில் வேறெங்கோ கிடந்தது. காரணம், அந்த ஒன்றின் ஆர்ட்டிஸ்ட் கட்டத்தில் மட்டும் விண்டன் கெல்லியின் பெயரும் சேர்ந்திருந்தது. தகவல் சரியானதுதான்: மற்ற நான்கிலும் பியானோ பில் எவன்ஸ், இதில் மட்டும் கெல்லி. அதனால் அந்தப் பெயரை அழிக்க மனம் வரவில்லை.

அழிக்கவும் வேண்டாம். எம்பி3டேகில் ஐந்து ஃபைலையும் சேர்த்துத் தேர்ந்தெடுங்கள். இடப்பக்கம் 'ஆல்பம் ஆர்ட்டிஸ்ட்' கட்டத்தில் மைல்ஸ் டேவிஸ் என்று மட்டும் எழுதிச் சேமியுங்கள். 'கீப்' என்று காட்டும் கட்டங்களைத் தொடாதீர்கள். டிராக்குக்கு டிராக் வேறுபடும் விவரம் அதில் இருக்கிறது. கைதவறி அங்கே ஏதாவது எழுதினால் ஐந்துக்கும் அதுவே பதிந்துவிடும்.

சரியான வரிசையில் கேட்டால் கெல்லியின் துள்ளலான ப்ளூஸ் முடிந்து, அடுத்த டிராக்கில் எவன்ஸ் மெல்ல நுழைவது காதில் பளிச்சென்று விழும். இத்தனை பாடும் அதற்காகத்தான்.

படி 2: ஆண்டு

மறுபதிப்பு வந்த ஆண்டை எடுத்துவிட்டு, முதலில் வெளிவந்த ஆண்டைப் போடுங்கள். இல்லாவிட்டால் 1959 ஆல்பம் 1997-இல் போய் நிற்கும்.

படி 3: மாற்றுப் பதிவுகள்

பில் எவன்ஸ் டிரியோவின் 'சண்டே அட் த வில்லேஜ் வேன்கார்ட்' மேடையிலேயே பதிவானது, 1961 ஜூன் 25. கிளாஸ்கள் உரசும் சத்தம்கூடக் கேட்கும். பாஸ் (கனத்த ஒலி தரும் பெரிய தந்தி வாத்தியம்) வாசித்த ஸ்காட் லஃபாரோ அடுத்த பதினோராம் நாள் கார் விபத்தில் இறந்துபோனார். முதலில் வந்த எல்பியில் ஆறே டிராக்தான். பிற்காலப் பதிப்புகளில் அதே உருப்படிகளை வேறொரு முறை வாசித்த பதிவுகளும் சேர்ந்திருக்கும். அவற்றுக்கு டிஸ்க் எண் 2 என்று கொடுத்துவிடுங்கள். ஆறும் தொடர்ச்சியாக ஓடும், மற்றவை அப்புறம் வரும். நான் அவற்றை அன்றைக்கே கேட்பதில்லை. மறுநாள் தனியாகக் கேட்டால்தான் வித்தியாசம் பிடிபடுகிறது.

படி 4: ஒலி அளவு

ஃபூபாரில், ஒலி அளவைச் சமன்செய்யும் ரீப்ளேகெயின் வசதியை 'ஆல்பம்' முறையில் வையுங்கள். 'டிராக்' முறை வேண்டவே வேண்டாம். மெதுவாக வாசித்த பாலட்டையும் உரத்த டிராக்கையும் அது ஒரே அளவுக்குக் கொண்டுவந்துவிடும்.

பின்சேர்க்கை: இதைப் படித்த ஒருவர், சாக்ஸஃபோன் கலைஞர் ஜான் கோல்ட்ரேனின் 'அ லவ் சுப்ரீம்' ஆல்பத்தின் மூன்றாம் பகுதிக்கும் நான்காம் பகுதிக்கும் நடுவில் ஒரு நொடி அறுபடுகிறது என்றார். அங்கே பாஸ் தனியாக வாசித்துக்கொண்டே அடுத்த பகுதிக்குள் போகும், இடைவெளியே கிடையாது. எம்பி3யாக மாற்றும்போது ஃபைலின் இரு முனையிலும் கொஞ்சம் மௌனம் சேர்ந்துவிடும். எல்லா பிளேயரும் அதை நீக்குவதில்லை. சிடி கையில் இருந்தால் அந்த ஆல்பத்தை மட்டுமாவது, ஒலியில் எதையும் இழக்காத ஃப்ளாக் ஃபைலாக மறுபடி எடுத்துவிடுங்கள். ஒரு டிராக் தேய்ந்து மறைய அடுத்தது அதன்மேல் எழும் கிராஸ்ஃபேட் போட்டுச் சமாளிக்க வேண்டாம், அந்த பாஸ் தேய்ந்துபோகும்.