நிலையற்ற காலத்தில் மரபுச் சேகரங்களைக் காத்தல்

1860இல் இந்திய ஒப்பந்தத் தொழிலாளர்களை முதன்முதலாகத் தென்னாப்பிரிக்காவின் டர்பனுக்குக் கொண்டுவந்த ட்ரூரோ கப்பலோடு தொடங்கிய நம் வரலாற்றின் பதிவேடுகளைக் காத்துவரும் டர்பன் கோயில்களும் தமிழ்ச் சங்கங்களும், 2021 ஜூலைக் கலவரத்தையும் 2022 ஏப்ரல் வெள்ளத்தையும் மனத்தில் கொண்டே இனித் திட்டமிட வேண்டும்.

மீண்டும் பெறவே முடியாதவை எவையென நிர்வாகக் குழு முதலில் பட்டியலிட்டு, அவற்றை மேல்தளத்துக்கு மாற்றி, ஸ்கேன் செய்த படிகளைப் பீட்டர்மாரிட்ஸ்பர்க் போன்ற வேறு ஊரில் நம்பிக்கையான அமைப்பொன்றிடம் ஒப்படைக்கட்டும். நனைந்த தாள்களில் இரண்டு நாள்களுக்குள் பூஞ்சை படரத் தொடங்கிவிடும். அதற்குள் நிழலில், நல்ல காற்றோட்டத்தில் உலர்த்த இயலாதவற்றைப் பையிலிட்டு உறைபெட்டியில் வைத்தால், நிதானமாக உலர்த்த அவகாசம் கிடைக்கும்.

நன்கொடை பாதியாகக் குறைந்தால் எதை நிறுத்துவது என்பதையும் முன்பே எழுதிவைத்து, மூன்று மாதங்களுக்கு ஒருமுறை திருத்துங்கள். முதியோரின் நினைவுகளைப் பதிவுசெய்யும் பணியை மட்டும், என் உறுதியான கருத்தில், எந்நிலையிலும் நிறுத்தக் கூடாது; அதற்கு ஒரு கைபேசியே போதும்.