சுவரோடு மல்லுக்கு நிற்காதீர்கள்: டென்னிஸ் அடிப்படைப் பயிற்சியில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

முழுப் பரீட்சை லீவு விட்டதும் பாளையங்கோட்டைப் பக்கம் காலை ஆறு மணிக்கே புது ராக்கெட்டும் கையுமாகப் பிள்ளைகள் இறங்கிவிடுகிறார்கள். வருஷா வருஷம் ஆள் மாறுகிறது, தப்பு மாறுவதில்லை. பந்தைப் பார், முழங்காலை மடக்கு, தண்ணீர் குடி என்பதையெல்லாம் எந்தப் பயிற்சியாளரும் சொல்லிவிடுவார். அவற்றை விடுவோம். பயிற்சி என்று நம்பி மாதக்கணக்கில் செய்கிற தப்புகளைப் பார்ப்போம்.

சுவருக்கு மூக்கு உரச நின்று சாத்துவது

கோர்ட் கிடைக்காதவர்களுக்குச் சுவர்தான் கூட்டாளி. பள்ளிக்கூடக் காம்பவுண்டோ குடோன் பின்சுவரோ, எது கிடைத்தாலும் சரி. ஆனால் மூன்று மீட்டர் தள்ளி நின்றுகொண்டு டம் டம்மென்று அடிக்கிறார்கள். பக்கத்தில் ஒரு அண்ணன் நின்று "நல்லா சாத்துல!" என்று ஏற்றிவிட்டால் கேட்கவே வேண்டாம். விடாமல் ஐம்பது அடித்தேன் என்று கணக்கும் வரும். அந்தப் பையனைக் கோர்ட்டில் இறக்கினால், மெதுவாக வரும் பந்தைக்கூட நெட்டில் கொண்டுபோய்ப் போடுவான். பார்க்கவே எரிச்சலாக இருக்கும், ஏனென்றால் உழைப்புக்குக் குறையே இல்லை.

எல்லாம் நேரக் கணக்குதான். மூன்று மீட்டரில் நின்று மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் அடித்தால், பந்து சுவரில் பட்டுத் திரும்பிவர அரை நொடிதான் ஆகும். கோர்ட்டின் நீளம் 23.77 மீட்டர். கற்றுக்கொள்கிறவர்கள் நிதானமாக ஆடும்போது, நாம் அடித்த பந்து எதிராளியிடம் போய் மறுபடி நம்மிடம் வர மூன்று நொடிக்கு மேல் ஆகும். அரை நொடியில் தோளைத் திருப்ப முடியாது, காலை வைக்க முடியாது, ராக்கெட்டைப் பின்னால் கொண்டுபோகவும் முடியாது. அதனால் உடம்பு ஒரு குறுக்குவழி கண்டுபிடிக்கிறது: நெஞ்சைச் சுவருக்கு நேரே காட்டிக்கொண்டு மணிக்கட்டால் சுண்டுவது. ஒரு நாளைக்கு முந்நூறு முறை சுண்டினால் கைக்கு அதுதான் ஃபோர்ஹேண்ட் (ராக்கெட் பிடித்த கைப்பக்கத்து அடி).

பேக்ஹேண்டில் (எதிர்ப்பக்கத்து அடியில்) சேதம் இன்னும் பெரிது. பந்து இடுப்பைத் தாண்டிப் பின்னால் போன பிறகு ஒற்றைக் கையால் மணிக்கட்டை மடக்கி இழுக்கும்போது, அந்த அதிர்ச்சி முழுவதும் முழங்கையின் வெளிப்பக்கத் தசைநாரில் இறங்குகிறது. டென்னிஸ் எல்போ என்கிற முழங்கை வலி வருவதற்கு இது ஒரு முக்கியமான வழி. தண்ணீர்க் குடத்தைத் தூக்கும்போது சுருக்கென்று வலிக்க ஆரம்பித்தால் ராக்கெட்டை மூலையில் சாத்திவிட வேண்டியதுதான். ஆற வாரங்கள் ஆகும், சிலருக்கு மாதங்கள்.

சுவரில் சரியாகப் பழகும் முறை இது. தரையிலிருந்து 91 சென்டிமீட்டர் உயரத்தில் சாக்பீஸால் ஒரு கோடு போடுங்கள். நெட் நடுவில் அந்த உயரம்தான். அதற்கு மேலே ஒரு மீட்டர் விட்டு இன்னொரு கோடு. பந்து இரண்டுக்கும் நடுவில் பட வேண்டும். சுவரிலிருந்து பெரிய எட்டாகப் பத்து எட்டு, அதாவது ஏழெட்டு மீட்டர், தள்ளி நில்லுங்கள். திரும்பும் பந்தை இரண்டு முறை தரையில் குத்த விட்டு அடியுங்கள். "ரெண்டு குத்து விட்டா தப்புல்லா?" என்று கேட்பார்கள். ஆட்டத்தில்தான் தப்பு, சுவரில் அந்த இரண்டாவது குத்துதான் தோளைத் திருப்ப நேரம் தருகிறது. பந்து தரையில் படும்போது "தரை", ராக்கெட்டில் படும்போது "அடி" என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். சொல்ல மூச்சு இல்லையென்றால் வேகம் அதிகம்.

பந்து முன்காலுக்குச் சற்று முன்னால், இடுப்பு உயரத்தில் ராக்கெட்டில் பட வேண்டும். ஐந்து பந்துக்கு ஒரு தடவை, அடித்த கையோடு சிலையாக நின்று தோள் எங்கே இருக்கிறது என்று பாருங்கள். ஃபோர்ஹேண்ட் இருபது, பேக்ஹேண்ட் இருபது, கோட்டுக்குள் விழுந்தவை மட்டும் கணக்கு. பதினைந்து நிமிஷம் போதும். புதுப் பந்து வேண்டாம். கொஞ்சம் காற்றுப் போன பழைய பந்து, அல்லது வேகம் கால்வாசி குறைந்த பச்சைப் புள்ளிப் பந்து நல்லது. சொரசொரப்பான சுவர் பந்தின் ரோமத்தைத் தின்றுவிடும், அதனால் சுவர்ப் பந்தைத் தனியாக வைத்துக்கொள்ளுங்கள். வடக்கையோ தெற்கையோ பார்த்த சுவராக இருந்தால் காலையிலும் சாயங்காலமும் கண்ணில் வெயில் அடிக்காது.

நம்ம நாட்டு டென்னிஸ் வீரர் ராமநாதன் கிருஷ்ணன் 1960, 1961 இரண்டு வருஷமும் விம்பிள்டன் அரையிறுதி வரை போனது முரட்டு அடியால் அல்ல, பந்தை வேண்டிய இடத்தில் வைக்கத் தெரிந்ததால்.

ஆனி ஆடிக் காற்றில் வானளாவ டாஸ் போடுவது

ஜூனில் செங்கோட்டைக் கணவாய் வழியாக மேல்காற்று இறங்கிவிட்டால் கயத்தாற்றுக் காற்றாலைகளுக்குக் கொண்டாட்டம், சர்வ், அதாவது ஆட்டத்தைத் தொடங்கும் அடி, பழகுகிறவர்களுக்குத் திண்டாட்டம். சர்வ் அடிக்கப் பந்தை மேலே தூக்கிப் போடுவதுதான் டாஸ். உயரத் தூக்கிய பந்து ஓர் அடி தள்ளிப் போகும், உடம்பு அதைத் துரத்திக்கொண்டு வளையும். டாஸை, கையை நீட்டினால் ராக்கெட் எட்டும் உயரத்துக்கு ஒரு சாண் மேலே நிறுத்துங்கள்.

டாஸைத் தனியாகப் பழக வேண்டும். பந்தை உள்ளங்கையில் வைக்காமல் விரல் நுனிகளில் பிடியுங்கள். முழங்கையையும் மணிக்கட்டையும் மடக்காமல் தோளிலிருந்து கையை உயர்த்தி, கண் உயரத்தில் விடுங்கள். வலக்கைக்காரர் இடது பாதத்துக்கு ஓர் அடி முன்னால், கொஞ்சம் வலப்பக்கமாக ராக்கெட்டைத் தரையில் வைத்து, பத்தில் ஏழு பந்து அதன் மேல் விழும்வரை அடிக்கவே கூடாது. ஆட்டத்திலும் டாஸ் சரியில்லை என்றால் பந்தைக் கீழே விட்டுவிட்டு மறுபடி போடலாம். ராக்கெட்டை வீசாதவரை அது ஃபால்ட் (தப்பான சர்வ்) ஆகாது.

முதல் நாளே கோட்டோரமாக நேராக அடிப்பது

ஜோடியாகப் பழகும்போது முதலில் குறுக்காக, மூலைக்கு மூலை அடியுங்கள். நெட் நடுவில் 91 சென்டிமீட்டர், கம்பத்தில் 107. நேராக அடிக்கும் பந்து உயரமான பக்கத்தைத் தாண்ட வேண்டும். குறுக்காக அடித்தால் தாழ்ந்த இடத்தைத் தாண்டுவதோடு, விழுவதற்கு ஏறக்குறைய ஒன்றரை மீட்டர் கூடுதல் நீளமும் கிடைக்கும். இருபது பந்து குறுக்காக விடாமல் போன பிறகு நேர்க்கோட்டைப் பற்றி யோசிக்கலாம்.

கூடையிலிருந்து எடுத்துப் போடும் பந்துக்கு நட்ட கம்பமாக நிற்பது

பந்து போடுகிறவர் கைக்கு வாகாகப் போட்டால் யாரும் அடிப்பார்கள். அவர் பந்தை விடும் நொடியில் இரண்டு காலாலும் சின்னதாக ஒரு துள்ளல், அடித்ததும் நடுவுக்குத் திரும்புதல். இந்த இரண்டும் இல்லாமல் அடித்த பந்தைக் கணக்கில் சேர்க்காதீர்கள்.

வாலிக்கு (தரையில் படுமுன் அடிக்கும் பந்துக்கு) ராக்கெட்டை வீசுவது

வீசாதீர்கள், தடுங்கள்.

ஓட்டத்துக்கான ஷூவோடு இறங்குவது

குதிகால் உயர்ந்த, மெத்தென்ற ஷூ பக்கவாட்டில் திரும்பும்போது கணுக்காலைப் புரட்டிவிடும். அடிப்பாகம் தட்டையானதாகப் பார்த்து வாங்குங்கள்.