கேள்வித்தாள் அச்சுக்குப் போகும் முன்பே கெட்டுப்போகும் ஆய்வுகள்

தென்னாப்பிரிக்காவின் டர்பனில் 400 பேர் வேலை செய்யும் ஓர் ஆடைத் தொழிற்சாலை என்று வைத்துக்கொள்வோம். அங்கே தொழிலாளர்களின் பணி ஈடுபாட்டை அளக்க வேண்டும். புள்ளியியல் மென்பொருளைப் பற்றிக் கவலைப்படுகிற அளவுக்கு, யாரிடம் கேட்கிறோம், எந்தச் சொல்லில் கேட்கிறோம் என்று பலர் கவலைப்படுவதில்லை. ஆய்வு கவிழ்வது பெரும்பாலும் அங்கேதான்.

முதல் கோளாறு பெயர்ப்பட்டியல். மனிதவளத் துறை தரும் சம்பளப் பட்டியலில், லேபர் புரோக்கர் மூலம் வந்தவர்கள் இருக்க மாட்டார்கள். அவர்களுக்குச் சம்பளம் போடுவது வேறு நிறுவனம். ஆனால் அதே வரிசையில், அதே சூப்பர்வைசரின் கீழ் உட்கார்ந்து தைப்பவர்கள் அவர்களும்தான். மின்னஞ்சலில் சுட்டி அனுப்பினால் அலுவலக அறையில் இருப்பவர்கள் மட்டும் பதில் போடுவார்கள்; இரவு ஷிப்டு முழுசாக விடுபடும். ஆகவே வாசலில் பதியும் நுழைவு அட்டைப் பதிவிலிருந்து பட்டியலை எடுங்கள். ஷிப்டு வாரியாகப் பிரித்துக் குலுக்கலில் ஆட்களைத் தேர்ந்தெடுங்கள். தாளை நிரப்ப வேலை நேரத்திலேயே 20 நிமிடம் வாங்கிக் கொடுங்கள். டீ நேரத்தில் கொடுத்தால் கடைசிப் பக்கம் முழுக்க ஒரே கட்டத்தில் டிக் இறங்கியிருக்கும். நிரப்பிய தாளைச் சூப்பர்வைசர் கையில் வாங்கவே கூடாது. பூட்டிய பெட்டி வையுங்கள்.

400 பேர் பதில் சொன்னாலும் கணக்கில் அது 400 ஆகாது. ஒரு வரிசையில் 20 பேர் என்றால், ஒரே சூப்பர்வைசரைப் பார்த்துப் பழகிய அவர்களின் பதில்களும் ஓரளவு ஒத்துப்போகும். அப்படி ஒத்துப்போவதன் அளவு (குழுவுக்குள் ஒட்டுறவு) வெறும் 0.05 என்றாலும், 1 + (20 − 1) × 0.05 = 1.95. 400ஐ இதனால் வகுக்க வேண்டும். அதாவது 400 பேரின் பதில்கள், ஒருவரையொருவர் சாராத சுமார் 205 பேரின் பதில்கள் தரும் தகவலைத்தான் தரும். இதை மறந்து சாதாரணப் பின்னடைவுப் பகுப்பாய்வை ஓட்டினால், இல்லாத தொடர்பெல்லாம் இருப்பதாகத் தெரியும். ஆள், வரிசை என்ற இரண்டு அடுக்கையும் கணக்கில் எடுக்கும் பல அடுக்குப் பகுப்பாய்வைப் பயன்படுத்துங்கள்.

அடுத்தது மொழி. பணி ஈடுபாட்டுக்கு உட்ரெக்ட் அளவுகோல் பரவலாகப் பயன்படுகிறது. 17 கூற்றுகள், சுருக்க வடிவில் 9. பதில் 0 முதல் 6 வரை, ‘எவ்வளவு அடிக்கடி’ என்ற கேள்விக்கு. இதைத் தன் இஷ்டத்துக்கு 1 முதல் 5 வரையிலான ‘ஒப்புக்கொள்கிறேன், மறுக்கிறேன்’ ஆக மாற்றிவிட்டு, வெளியான சராசரிகளோடு ஒப்பிடுவது அடிக்கடி நடக்கும் தவறு. டர்பனில் தமிழ் வம்சாவளித் தொழிலாளர்களுக்கு ஆங்கிலத் தாளே போதும். கவனமாகத் தயாரிக்க வேண்டியது, அங்கே பலரின் தாய்மொழியான ஜூலுவில் தரும் தாள். ஆற்றல் பொங்குவதாகச் சொல்லும் கூற்று ஒன்று அதில் உண்டு. அதன் ஆங்கிலச் சொல்லை அப்படியே பெயர்த்தால் தமிழில் ‘ஆற்றலால் வெடிக்கிறேன்’ என்று வரும், படிப்பவர் சிரித்துவிடுவார். ஜூலுவிலும் இப்படி ஏதாவது நேரலாம். ஒருவர் பெயர்க்க, மூலத்தைப் பார்க்காத இன்னொருவர் திரும்ப ஆங்கிலமாக்க, இரண்டையும் ஒப்பிடுவது பழைய முறை. அதோடு நிற்காதீர்கள். தையல் வரிசையிலிருந்து எட்டுப் பத்துப் பேரை உட்காரவைத்து, “இது உங்களுக்கு என்ன சொல்கிறது?” என்று வாய்விட்டுச் சொல்லச் சொல்லுங்கள். அச்சடிக்கும் முன் இதைச் செய்தால் செலவு ஒரு மத்தியானம்தான்.

சூப்பர்வைசரின் ஆதரவையும் வேலைத் திருப்தியையும் ஒரே தாளில், ஒரே நாளில், ஒரே ஆளிடம் கேட்டால் இரண்டுக்கும் உள்ள தொடர்பு ஊதிப்பெருகும். அன்றைய மனநிலை இரண்டு பதிலிலும் ஒட்டிக்கொள்கிறதே! எல்லாப் பதில்களும் ஒரே காரணியில் அடங்கிவிடுகின்றனவா என்று பார்க்கும் ‘ஒற்றைக் காரணிச் சோதனை’ நடத்தி ‘சிக்கல் இல்லை’ என்று எழுதுவது சம்பிரதாயம். அது எதையும் சரிசெய்வதில்லை. இரண்டாவது அளவை மூன்று நான்கு வாரம் கழித்து எடுங்கள், அல்லது விடுப்புப் பதிவிலிருந்து எடுங்கள். ஈஸ்டர் வாரத்தை மட்டும் தவிர்த்துவிடுங்கள். டர்பனை அடுத்த இசிபிங்கோவில் அப்போது நடக்கும் மாரியம்மன் கோயில் திருவிழாவுக்குப் போனவரை வேலையில் ஆர்வமில்லாதவர் என்று பதிவு காட்டும்.

இரண்டு முறை அளந்தால் தாள்களை இணைக்க ஒரு குறியீடு வேண்டும். குடும்பப்பெயரின் முதல் மூன்று எழுத்து என்று வைத்தீர்களானால் தொலைந்தது: நாயுடு, பிள்ளை, கோவிந்தர், மூட்லி என்று நான்கைந்து பெயர்களுக்குள் பாதி வரிசை அடங்கிவிடும். அதற்குப் பதில் தாயின் முதற்பெயரில் முதல் இரண்டு எழுத்து, தாய் பிறந்த மாதம், மூத்த சகோதர சகோதரிகளின் எண்ணிக்கை ஆகியவற்றைச் சேர்த்துக் குறியீடாக்குங்கள். இவை மாறாதவை, மேலாளருக்கு எளிதில் தெரியாதவை.

பெயர் கேட்காததால் மட்டும் ரகசியம் காக்கப்படாது. ஸ்டோர்ஸில் 6 பேர், அதில் 50 வயதைத் தாண்டிய பெண் ஒருவர் என்றால் அந்தத் தாள் யாருடையது என்று எல்லோருக்கும் தெரியும். 10 பேருக்குக் குறைந்த குழுவின் முடிவைத் தனியாக வெளியிடாதீர்கள். தொழிற்சங்க உறுப்பினரா, என்ன இனம், உடல்நலம் எப்படி என்பவை 2013ஆம் ஆண்டின் தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டத்தில் சிறப்புப் பிரிவில் வருகின்றன. ஆய்வுக்குத் தேவையில்லாவிட்டால் கேட்கவே வேண்டாம். இந்த மதிப்பெண்ணை வைத்துப் பதவி உயர்வு முடிவெடுக்க நிர்வாகம் கேட்டால் மறுத்துவிடுங்கள். வேலையில் உளவியல் சோதனை நடத்த, அது அறிவியல்பூர்வமாக ஏற்புடையது, நம்பகமானது, ஒருசார்பற்றது என்று காட்டவேண்டும் என்கிறது 1998ஆம் ஆண்டின் வேலைவாய்ப்புச் சமத்துவச் சட்டம்.

மிக மோசமாக வந்த ஐந்து வரிசைகளுக்குப் பயிற்சி கொடுத்து, அடுத்த அளவீட்டில் ஏறியதைப் பயிற்சியின் வெற்றியாக்குவதும் உண்டு. அடியில் கிடந்த எண் தானாகவே சராசரியை நோக்கி ஏறும். மோசமான பத்து வரிசைகளை எடுத்து, குலுக்கலில் ஐந்துக்கு இப்போதும், மீதி ஐந்துக்கு மூன்று மாதம் கழித்தும் கொடுங்கள்; இடையில் இரண்டு ஐந்தையும் ஒப்பிடுங்கள்.

கடைசியாகச் சின்ன விஷயம். 1 முதல் 5 வரையிலான அளவில் எதிர்மறைக் கூற்றைத் திருப்ப, மதிப்பெண்ணை 6இலிருந்து கழிக்க வேண்டும், 5இலிருந்து அல்ல. திருப்பவே மறந்தால், கூற்றுகள் ஒன்றோடொன்று எவ்வளவு ஒத்துப்போகின்றன என்று காட்டும் க்ரான்பாக் ஆல்பா சரியும், சில சமயம் எதிர்க்குறியோடுகூட வரும். உடனே கூற்றை நீக்காதீர்கள். முதலில் அந்த ஒரு நெடுவரிசையைத் திறந்து பாருங்கள்.