வேர்ட்பிரஸ் தளத்தில் "மைஎஸ்கியூஎல் நீட்சி இல்லை" என்று வந்தால்

உபுண்டு சர்வரை அப்கிரேட் செய்துவிட்டுத் தளத்தைத் திறக்கிறீர்கள். பதிவுகள் எதையும் காணோம். பிஎச்பியில் (வேர்ட்பிரஸ் எழுதப்பட்டிருக்கும் மொழி) மைஎஸ்கியூஎல் நீட்சி இல்லை என்று ஒரு செய்திதான் நிற்கிறது. பதற வேண்டாம், இந்தப் பிழை உங்கள் பதிவுகளைத் தொடுவதில்லை. டேட்டாபேஸோடு பேச பிஎச்பிக்கு மைஎஸ்கியூஎல்ஐ என்ற நீட்சி (எக்ஸ்டென்ஷன், கூடுதல் வசதி) வேண்டும். உபுண்டுவிலும் டெபியனிலும் அது தனிப் பொதியாக (பேக்கேஜ்) வருகிறது. அந்தப் பொதி விடுபட்டுப் போயிருக்கிறது, அவ்வளவுதான்.

(கட்டளைகளை ஒலிப்பு முறையில் எழுதியிருக்கிறேன். டெர்மினலில் ஆங்கிலச் சிற்றெழுத்தில் தட்டுங்கள்.)

1. தளம் எந்த பிஎச்பியில் ஓடுகிறது?

பலரும் இதைப் பார்க்காமல் நேரே பொதியை நிறுவப் போய்விடுகிறார்கள். நானும் அப்படித்தான் ஓர் இரவு முழுவதையும் இழந்தேன். டெர்மினலில் "பிஎச்பி -எம்" கொடுத்தால் வரும் நீட்சிகளின் பட்டியலில் மைஎஸ்கியூஎல்ஐ இருந்தது, தளத்திலோ அதே பிழை. காரணம், டெர்மினலில் இருந்தது 8.3, தளம் ஓடியது 8.1-இல். ஒரே சர்வரில் பல பிஎச்பி பதிப்புகள் இருக்கலாம், ஒவ்வொன்றுக்கும் நீட்சிகள் தனித்தனி. டெர்மினல் சொல்வதை வைத்துத் தளத்தைப் பற்றி முடிவு செய்யாதீர்கள்.

தளத்தின் கோப்புறையில் ஒரு சிறு பிஎச்பி கோப்பு உருவாக்கி, அதில் "பிஎச்பிஇன்ஃபோ" செயற்கூற்றை மட்டும் அழையுங்கள். அதை உலாவியில் திறந்தால் மேலேயே பதிப்பு எண் தெரியும். கொஞ்சம் கீழே "சர்வர் ஏபிஐ" என்ற வரியில் எஃப்பிஎம் (பிஎச்பி தனிச் சேவையாக ஓடும் முறை) என்றோ அப்பாச்சி ஹேண்ட்லர் (அப்பாச்சி வெப் சர்வருக்குள்ளேயே பிஎச்பி ஓடும் முறை) என்றோ இருக்கும். இரண்டையும் குறித்துக்கொண்டு கோப்பை உடனே அழித்துவிடுங்கள். உங்கள் சர்வரின் உள்விவரம் முழுவதும் அதில் ஊருக்கே தெரியும்.

2. அந்தப் பதிப்புக்கான பொதி

பதிப்பு 8.3 என்றால்:

சூடோ ஆப்ட் அப்டேட்
சூடோ ஆப்ட் இன்ஸ்டால் பிஎச்பி8.3-மைஎஸ்கியூஎல்

எண் இல்லாமல் "பிஎச்பி-மைஎஸ்கியூஎல்" என்று மட்டும் கொடுத்தால், வழக்கமாக உபுண்டுவின் இயல்புப் பதிப்புக்கு உரியதுதான் வரும். 22.04-க்கு அது 8.1, 24.04-க்கு 8.3. பொதியே கிடைக்கவில்லை என்று வந்தால், அந்த பிஎச்பி வெளிக் களஞ்சியத்திலிருந்து (உபுண்டு அல்லாமல் பிறர் நடத்தும் பொதிச் சேமிப்பிடம்) வந்ததா என்று பாருங்கள். உபுண்டுவை அடுத்த வெளியீட்டுக்கு உயர்த்தும்போது வெளிக் களஞ்சியங்கள் முடக்கப்பட்டுவிடும். அதை மீண்டும் இயக்கிவிட்டு நிறுவுங்கள்.

ராக்கி, அல்மா லினக்ஸில் பொதியின் பெயர் பிஎச்பி-மைஎஸ்கியூஎல்என்டி. "டிஎன்எஃப்" கொண்டு நிறுவலாம்.

3. ரீஸ்டார்ட்

எஃப்பிஎம் என்றால்:

சூடோ சிஸ்டம்சிடிஎல் ரீஸ்டார்ட் பிஎச்பி8.3-எஃப்பிஎம்

இங்கே என்ஜின்எக்ஸ் வெப் சர்வரை மட்டும் ரீஸ்டார்ட் செய்து பயனில்லை, நீட்சியை ஏற்றுவது எஃப்பிஎம். அப்பாச்சி ஹேண்ட்லர் என்றால் அப்பாச்சி2-வை ரீஸ்டார்ட் செய்யுங்கள்.

4. இன்னும் சரியாகவில்லையா?

பொதி இருந்தும் நீட்சி முடக்கப்பட்டிருக்கலாம்:

சூடோ பிஎச்பிஎன்மாட் -வி 8.3 மைஎஸ்கியூஎல்ஐ

பிறகு இன்னொரு ரீஸ்டார்ட். பிஎச்பி.ஐஎன்ஐ கோப்பில் கையால் வரி சேர்க்கச் சொல்லும் பழைய குறிப்புகளை உபுண்டுவில் பின்பற்ற வேண்டாம். நீட்சி இரண்டு முறை ஏற்றப்பட்டு, "ஏற்கெனவே ஏற்றப்பட்டது" என்ற எச்சரிக்கை லாக்கில் குவியும்.

பிழைச்செய்தியில் "மைஎஸ்கியூஎல்_கனெக்ட்" என்று, மைஎஸ்கியூஎல் என்பதை அடுத்து ஐ எழுத்து இல்லாமல் வந்தால் விஷயமே வேறு. அந்தப் பழைய நீட்சியை 2015 டிசம்பரில் வந்த பிஎச்பி 7.0-இலேயே நீக்கிவிட்டார்கள். எந்தப் பொதியை நிறுவினாலும் அது திரும்பாது. அந்தப் பெயரை அழைக்கும் ப்ளகினையோ "தீம்" என்ற தள வடிவமைப்பையோ கண்டுபிடித்துப் புதுப்பியுங்கள், புதிய பதிப்பு வராத ப்ளகின் என்றால் நீக்கிவிடுங்கள்.