வடசென்னை மாடித் தோட்டம்: சிக்கனம் என்று நினைத்துச் செய்யும் தவறுகள்

திருவொற்றியூர், காசிமேடு, தண்டையார்பேட்டைப் பக்கம் தோட்டம் போட ஆசைப்படுகிறவர்கள் முதல் காசைப் போடுவது செடியில்தான். பூத்துக் குலுங்கும் ரோஜாவை வாங்கி வந்து வைப்பார்கள். இரண்டு மாதத்தில் இலை ஓரம் கருகிக் குச்சியாக நிற்கும். வெயிலைத்தான் குறை சொல்வோம். பல வீடுகளில் உண்மைக் காரணம் உப்பு. கடல் காற்றிலும் இருக்கிறது, போர் தண்ணீரிலும் இருக்கிறது. கையில் 1,000 ரூபாய் இருந்தால் 600 ரூபாயை மண்ணுக்கு ஒதுக்குங்கள். செடிக்கு மிச்சம் போதும்.

ஓசியில் கிடைப்பதுதான் அதிகம் கெடுக்கிறது. கடற்கரை மணல் வேண்டவே வேண்டாம், அதில் உப்பு ஊறியிருக்கும். வீடு இடித்த மண்ணில் சிமென்ட்டும் சுண்ணாம்பும் கலந்திருப்பதால் செடி இரும்புச்சத்தை எடுக்க முடியாமல் இளந்தளிர் மஞ்சளாகும். இன்னொன்று, ஆர்.ஓ. மெஷின் வெளியே தள்ளும் தண்ணீர். வீணாகிறதே என்று செடிக்கு ஊற்றுகிறோம். குடிதண்ணீரிலிருந்து பிரித்த உப்பெல்லாம் அதில்தான் இருக்கிறது. அது வீடு துடைக்க ஆகும். செடிக்கு ஏ.சி.யில் சொட்டும் தண்ணீரைப் பிடித்து ஊற்றுங்கள்.

தொட்டி விளிம்பில் வெள்ளையாகப் பூத்திருந்தால் உப்பு ஏறிவிட்டது என்று அர்த்தம். மாதம் ஒருமுறை 10 லிட்டர் தொட்டிக்கு 20 லிட்டர் நல்ல தண்ணீரை மெதுவாக ஊற்றி, அடியில் வழிந்து ஓடவிடுங்கள். உரமும் சேர்ந்து கரைந்து போகும் என்பதால், மறுநாள் ஒரு கைப்பிடி மண்புழு உரம் போடவேண்டும். ஐப்பசி, கார்த்திகை மழை இந்த வேலையைச் சும்மாவே செய்துகொடுக்கும்.

மண்கலவைக்குச் செம்மண் இரண்டு பங்கு, கோகோ பீட் (தேங்காய் நார்த் தூள்) ஒரு பங்கு, மண்புழு உரம் ஒரு பங்கு. கோகோ பீட் கட்டியை ஊறவைத்து, பிழிந்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டு மறுபடி அலசுங்கள். அலசாமல் போட்டால் அதிலுள்ள உப்பும் தொட்டிக்குள் வந்துவிடும். செம்மண்ணை மட்டும் நிரப்புவதும் தவறு. இறுகிப்போவதோடு கனமும் கூடும். 20 லிட்டர் பெயின்ட் பக்கெட்டில் ஈர மண் 30 கிலோ வரை வரும், ஆகவே மாடி நடுவில் அடுக்காமல் சுவர் ஓரமாக, செங்கல் மேல் வையுங்கள். அடியில் அரை அங்குல ஓட்டை குறைந்தது நான்கு வேண்டும், ஓட்டை மேல் ஓட்டுச்சில் ஒன்று. காயலான் கடையில் பக்கெட் வாங்கும்போது முகர்ந்து பாருங்கள். கெமிக்கல் வாடை அடித்தால் எவ்வளவு மலிவாக இருந்தாலும் விட்டுவிடுங்கள்.

காசிமேட்டில் மீன் தலை, குடல் சுலபமாகக் கிடைக்கும். அதை அப்படியே தொட்டியில் புதைத்தால் எலியும் பூனையும் கிளறும், அழுகும் சூட்டில் வேர் வெந்துபோகும். சம எடை வெல்லம் சேர்த்து மூடிவைத்து, 40 நாள் கழித்து வடிகட்டி, ஒரு லிட்டர் தண்ணீருக்கு 5 மில்லி கலந்து தெளித்தால் அருமையான உரம்.

செடியை விலைக்கு வாங்கத்தான் வேண்டும் என்பதில்லை. காகிதப்பூ, செம்பருத்தி, நந்தியாவட்டை எல்லாம் அக்கம்பக்கத்தில் கேட்டால் குச்சி ஒடித்துத் தருவார்கள். பென்சில் தடிமனில் ஆறேழு அங்குலம் வெட்டி, கீழ் இலைகளைக் கிள்ளி, இரண்டு கணு மண்ணுக்குள் போகும்படி நட்டு நிழலில் வையுங்கள். ஆடி, ஆவணியில் நட்டால் சீக்கிரம் பிடிக்கும். வேர் விட்டதா என்று பிடுங்கிப் பார்த்தால் அதோடு போயிற்று. கடலோரத் தெருக்களுக்கு காகிதப்பூ, நித்தியகல்யாணி, பத்து மணிப் பூ மூன்றும் நம்பகமானவை. அரளியும் தாங்கும், ஆனால் விஷம். சின்னப் பிள்ளைகள் இருக்கும் வீட்டில் வேண்டாம்.

அழகைக் கெடுப்பது வகைக்கொன்றாக வாங்கிச் சேர்ப்பது. ஒரே நிறப் பத்து மணிப் பூவை ஆறு தொட்டியில் வரிசையாக வைத்துப் பாருங்கள், மாடியே மாறிவிடும். தொட்டிகளும் வெள்ளையாகவே இருக்கட்டும். கறுப்புத் தொட்டி வெயிலை இழுத்து வேரைச் சுடும்.

புயல் அறிவிப்பு வந்ததும் தொங்கும் தொட்டிகளைக் கழற்றி, கைப்பிடிச் சுவர் மேல் இருப்பதைக் கீழே இறக்கி, அடித்தட்டுகளை எடுத்துவிடுங்கள். தட்டில் தேங்கும் தண்ணீர் வேரை அழுக வைக்கும், டெங்கு கொசுவும் வளர்க்கும்.